புதையல்காரர் உடுப்பு மாற்றிய கதை

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரை முழு ஆளாகப் பார்த்தவர்கள் குறைவு. மாடிக்கும் மாடிக்கும் நடுவே பெட்டி சிக்கி நிற்கும்போது அதன் அடியில் இரண்டு கால்கள் தெரியும். இல்லாவிட்டால் கீழே பள்ளத்துக்குள்ளிருந்து டார்ச் வெளிச்சமும் இருமல் சத்தமும் வரும். வெளியே நிற்பவர்கள் குனிந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எப்ப சார் ரெடியாகும்?" அவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்: "இதோ, ஆச்சு." அந்தக் கேள்வியையும் பதிலையும் வைத்துக்கொண்டே அவருடைய உத்தியோகம் கிட்டத்தட்ட ஓடி முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு.

வீட்டிலும் பேச்சுக்கு வழியில்லை. மனைவியோடு சண்டையும் கிடையாது, சச்சரவும் கிடையாது. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, ஒத்தாசைக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அந்தப் பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, இப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. "எப்ப வர்றே?" என்று இவர் கேட்டால், "இவனுக்குப் பரீட்சை முடியட்டும்" என்பாள். பரீட்சை என்பது முடிகிற சாமானா? ஒன்று முடிந்தால் அடுத்தது வந்து நிற்கும். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காததை அவள் கவனித்தாளா என்பதும் தெரியாது.

அவள் போன பிறகுதான் அந்த உடுப்பு சேர ஆரம்பித்தது.

சின்ன வயதில் அவர் பார்த்து வாய் பிளந்த சாகசப் படங்களில் எல்லாம் ஒரு ஆள் வருவான். காடு, குகை, கயிற்றுப் பாலம் எதுவானாலும் ஒரே உடைதான்: பழுப்புத் தோல் ஜாக்கெட், அகல விளிம்பு வைத்த தொப்பி, காக்கிக் கால்சட்டை, முழங்காலுக்குக் கீழ்வரை கயிறு கட்டிய பூட்ஸ், தோளில் குறுக்கே ஒரு கான்வாஸ் பை. ஒரு நாள் பழைய துணிக் கடையில் அதே மாதிரி ஜாக்கெட் தொங்குவதைப் பார்த்தார். சும்மா தோளில் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த ஆளைக் கழற்ற மனம் வரவில்லை. கலைந்துபோன நாடகக் குழு ஒன்று சாமான்களை ஏலம் விட்டபோது தொப்பி கிடைத்தது. பூட்ஸைச் சொல்லித் தைத்துக்கொண்டார். பைக்குள் ஒரு கயிறு, பித்தளைத் திசைகாட்டி, கனமான டார்ச். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தனையையும் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். நகரத்தின் விளிம்பில் ஒரு மலை. அதன் முதுகில் நீளமாக ஒரு பாதை. அதில் பாதி தூரம் நடந்து, பூட்ஸ் காலைக் கடிக்க ஆரம்பித்ததும் திரும்பிவிடுவார்.

பஸ்ஸில் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அவருக்கு அதில் கோபமே இல்லை. சிரிக்க வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டுமே! வாரம் பூராவும் வெறும் கால்களாகவே இருந்தவருக்கு அது பெரிய மாறுதல்.

மலை அடிவாரத்தில் நுழைவுச் சீட்டுக் கொடுக்க ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஒரு அம்மாள், நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பேசுவது என்றாலும் அதன் வழியாகத்தான். முதல் தடவை அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக் குனிந்தபோது அவள் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன சார், மேல புதையல் எதுவும் இருக்கா?"

"இருந்தா உங்களுக்குப் பாதி."

அன்றிலிருந்து அவர் புதையல்காரர். "வாங்க புதையல், போன வாரம் கெடச்சுதா?" என்பாள். "கிட்டத்துல போயிட்டேன்மா, அதுக்குள்ள பூட்ஸ் கடிச்சிருச்சு" என்பார். பின்னால் வரிசை நிற்கும். இவர் லிஃப்ட் கதை, பேரன் கதை என்று ஒன்றைத் தொடங்குவார். அவள் சீட்டைக் கிழித்து நீட்டியபடியே அடுத்த ஆளைப் பார்ப்பாள். வாரத்துக்கு அந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் அவர் அவ்வளவு கனத்தையும் சுமந்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான்; முழுப் பொய் இல்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வானம் சுத்தமாக இருந்தது. அவர் பாதையின் நடுவில் இருக்கும்போது மேகம் கவிழ்ந்து, பேய் மழை பிடித்துக்கொண்டது. தோல் ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது, முதுகில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. தொப்பியின் விளிம்பு தொங்கிக் கண்ணை மறைத்தது. பாறை ஒன்றில் கால் வைத்ததும் பூட்ஸின் தோல் அடி வழுக்கி, கணுக்கால் மடங்கி விழுந்தார். பக்கத்துப் பாறையிடுக்கில் ஊர்ந்து போய் ஒதுங்கினார். டார்ச்சுக்குள் தண்ணீர் போயிருந்தது, ஃபோனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. உடம்பு வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் நின்று ஒரு சுகமான தூக்கம் வந்தது. அந்தச் சுகம்தான் ஆபத்து என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

அந்த வழியாக வந்த ஒரு தம்பதி அவரைப் பார்த்தது அவருடைய நல்ல நேரம். வெள்ளித்தாள் மாதிரி பளபளத்த ஒரு போர்வையை அவர்மேல் சுற்றினார்கள். மலையின் மறுபக்கம் ஜீப் வரும் தடம் ஒன்று உண்டு. அதன் வழியாக இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

நுரையீரலில் சளி கட்டி, நெடுநாள் படுக்கையில் கிடந்தார். மகள் லீவு போட்டு ஓடி வந்தாள். மனைவி ஃபோனில் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அந்தக் கோட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க முதல்ல" என்றாள். வர முடியாததற்குக் காரணம் பரீட்சை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் அந்த ஜாக்கெட்டை விரித்துப் பார்த்தாள். காய்ந்து, பலகை போல விறைத்து, மடிப்பெல்லாம் பூஞ்சை பிடித்திருந்தது.

"அப்பா, ஒண்ணு மலைக்குப் போறதை விடுங்க. இல்ல, அதுக்குண்டான உடுப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க. இந்த வேஷம் வேண்டாம்."

"வேஷம் இல்லம்மா."

"பின்ன என்னப்பா?"

அவர் ஜாக்கெட்டின் பூஞ்சையை விரலால் துடைத்தார். "சரி, கடைக்குப் போகலாம்" என்றார்.

மலையேறுகிறவர்களுக்கு என்றே இருந்த கடை அது. விற்பனைப் பெண் சுறுசுறுப்பானவள், தானும் மலையேறுகிறவள். அவர் தன் பழைய கோலத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தை ஃபோனில் காட்டினார்.

"இதே மாதிரி வேணும். ஆனா மழை தாங்கணும்."

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "செஞ்சிரலாம் சார். ஒவ்வொண்ணுக்கும் இப்ப ஒரு மாற்று இருக்கு."

தோல் ஜாக்கெட்டுக்குப் பதிலாக, சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மழை ஜாக்கெட் வந்தது.

"வெளித்தண்ணியை உள்ள விடாது சார். உள்ள இருக்கற வேர்வையை வெளிய விட்டுரும்."

"எங்க மேனேஜருக்கு நேர் எதிரா இருக்கே. அவரு உள்ள போனவனை வெளிய விடவே மாட்டாரு" என்றார் அவர். மகள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அதற்குள்ளே போட, மேகத்தைத் தைத்த மாதிரி ஒரு மெல்லிய கதகதப்புச் சட்டை. காக்கிக்குப் பதில் நனைந்தால் நடக்கும்போதே காய்ந்துவிடும் கால்சட்டை. பூட்ஸுக்குப் பதில் பல் பல்லாக ரப்பர் அடி வைத்த காலணி. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே சாய்வாக வைத்திருந்த ஒரு பாறைப் பலகையில் ஏறி இறங்கிப் பார்த்தார். வழுக்கவே இல்லை. குறுக்குப் பைக்குப் பதில் இடுப்பில் வாரைக் கட்டிக்கொள்ளும் முதுகுப்பை. கனம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கியது. டார்ச் போய், நெற்றியில் கட்டும் விளக்கு வந்தது. கூடவே ஒரு விசிலும், மடித்த வெள்ளிப் போர்வையும்.

"ஜாக்கெட் பழுப்பு நிறத்துல இல்லையா?"

"உங்க சைஸுல ஆரஞ்சுதான் சார் இருக்கு. அதுவும் நல்லதுதான். தொலஞ்சா தூரத்துலேர்ந்தே தெரிவீங்க."

"தொப்பி?"

ஜாக்கெட்டோடு சேர்ந்த முக்காட்டை இழுத்து அவர் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே கயிற்றை இறுக்கினாள். "இதுதான் சார் தொப்பி."

கண்ணாடியில் ஒரு ஆள் நின்றான். அலமாரி மேலே தொங்கிய விளம்பரப் படத்தில் இருந்தவர்களில் ஒருவனை இறக்கி நிறுத்தியது போல இருந்தது. மகளுக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் அப்பா மாதிரி இருக்கீங்க" என்றாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் டாக்டர் நடக்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை புது உடுப்பில் பஸ் ஏறினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர் சீட்டில் இருந்த குழந்தை அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தது.

கண்ணாடிக் கூண்டின் முன் குனிந்தார். அந்த அம்மாள் தலையைத் தூக்காமலே, "எத்தனை பேர்?" என்றாள்.

"ஒருத்தர்தான்."

அவள் நிமிர்ந்தாள். முக்காடு, நெற்றி விளக்கு, தாடைவரை ஏறிய ஜிப். ஆஸ்பத்திரியில் முகமும் பாதியாக இளைத்திருந்தது. "தனியாவா போறீங்க? பலகையைப் பாக்கலையா சார்?"

பார்த்தார். தனியாக மேலே செல்ல வேண்டாம் என்று பக்கத்திலேயே புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

"இது எப்ப வெச்சாங்க?"

"மழை ஆரம்பத்துல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு சார். தோல் கோட்டும் தொப்பியுமா, வாராவாரம் வருவாரு. அந்தப் பக்கமா ஜீப்ல தூக்கிட்டுப் போனாங்களாம். பொழைக்கலைன்னு சொன்னாங்க."

நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அவள் தொடர்ந்தாள்.

"பாவம், வீட்டுல பேச ஆளே இல்ல போல. இங்க நின்னு பேசிக்கிட்டே இருப்பாரு. பின்னாடி வரிசை கத்தும். நான் சீட்டைக் கிழிச்சுக் கையில திணிச்சுருவேன். கடைசியா வந்த அன்னிக்கும் என்னமோ சொல்ல வந்தாரு. காதுலயே வாங்கல."

அன்று என்ன சொல்ல வந்தோம் என்று அவர் யோசித்துப் பார்த்தார். பேரனுக்கு முன்பல் விழுந்த செய்தி. அவ்வளவுதான்.

"பார்த்துப் போங்க சார். விசில் வெச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கும்மா" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை. செத்தவரைப் பற்றி அவள் பேசியதில் ஒரு பாசம் இருந்தது. உயிரோடு வந்து நின்றால் அது திரும்பவும் வரிசைக்கு முன்னால் நிற்கிற தொல்லையாக மாறிவிடுமோ என்று ஒரு பயம். வீட்டில் பேச ஆளில்லை என்பது எல்லாருக்கும் அப்படியா தெரிகிறது என்று ஒரு வெட்கம்.

ஆனால் கால் நடந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கனமே தெரியவில்லை. ஈரப்பாறையைக் காலணி கவ்விப் பிடித்தது. தூறல் விழுந்து ஜாக்கெட்டில் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. உள்ளே உடம்பு கதகதவென்று இருந்தது. இவ்வளவு சௌகரியத்தில் ஒரு மனிதன் இவ்வளவு துக்கப்படலாமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். கீழேயிருந்து நடைக்குழு ஒன்று வந்தது. எல்லாரும் ஆரஞ்சும் நீலமும் பச்சையுமாக அதே மாதிரி ஜாக்கெட். முன்னால் வந்தவர் விசிலை ஊதி, "என்ன சார் அதுக்குள்ள உக்காந்துட்டீங்க? எந்திரிங்க, எந்திரிங்க!" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். என்ன ஏது என்று புரிவதற்குள் அவர் கூட்டத்துக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வந்த பெரியவர் தன் முழங்கால் ஆபரேஷனை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பெண்மணி, "இந்தாங்கண்ணா" என்று கை நிறையக் கடலை கொடுத்தாள். யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தன் பேரனைப் பற்றிப் பெரியவரிடம் சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் உண்மையாகவே கேட்டார்.

சமதளம் ஒன்றில் தலைவர் எல்லாரையும் நிறுத்தித் தலை எண்ணினார். எண்ணி முடித்துத் தலையைச் சொறிந்தார். மறுபடி எண்ணினார்.

"ஒரு ஆள் கூடுதலா வருதே!"

"குறைஞ்சாத்தானே சார் வம்பு" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முக்காட்டைத் தள்ளிவிட்டுக் கையைத் தூக்கினார்.

"நான்தாங்க. உங்க ஆளில்ல. சும்மா வந்துட்டேன்."

"அட, அதனால என்ன சார்" என்றார் தலைவர். நல்ல மனிதர்தான். ஆனால் குழு இடதுபக்கம் இறங்கும் பாதையில் போக வேண்டும். அங்கே அவர்களுக்கு வண்டி காத்திருந்தது. "அப்ப, பார்த்துப் போங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். முழங்கால் பெரியவர் மட்டும் இரண்டு முறை திரும்பிக் கையசைத்தார். இவர் கையில் இன்னும் பாதிக் கடலை இருந்தது.

அதன்பிறகு அவர் நிற்கவே இல்லை. எப்போதும் திரும்பிவிடும் இடத்தைத் தாண்டினார். விழுந்த பாறையையும் தாண்டினார்; போகிறபோக்கில் திரும்பிப் பார்த்தார், வெறும் பாறைதான். மலையின் முதுகு முடிகிற இடத்துக்கு அன்றுதான் முதன்முதலாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே கம்பி வேலி. வேலிக்குள் ஒரு செல்ஃபோன் கோபுரம் ஹும்மென்று முனகிக்கொண்டிருந்தது. கீழே கைவிட்ட கல்குவாரி, மழைத்தண்ணீர் நிறைந்து பச்சை நீலமாக. யாரோ எப்போதோ கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று விளிம்பைப் பார்த்தபடி கிடந்தது. தண்ணீரைத் துடைத்துவிட்டு அதில் உட்கார்ந்தார். மகளுக்கு ஃபோன் செய்தார். கோபுரம் பக்கத்திலேயே இருந்ததால் மணி ஒழுங்காக அடித்தது.

"அப்பா, வெளிய இருக்கேன்ப்பா. ஏதாவது அவசரமா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் வந்துட்டேன். அதைச் சொல்லத்தான்."

"நனையலையே?"

"ஒரு சொட்டு இல்ல."

"பாத்தீங்களா? சரிப்பா, அப்புறம் கூப்பிடறேன்."

பச்சைத் தண்ணீரைப் பார்த்தபடி கடலையைத் தின்று முடித்தார். அழவில்லை. கொஞ்சம் மூக்கை உறிஞ்சினார், குளிர்காற்று.

இறங்கி வரும்போது அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. கூண்டின் முன் யாரும் இல்லை. அந்த அம்மாள் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவர் போய் ஓட்டைக்கு முன் குனிந்தார்.

"சீட்டு முடிஞ்சுது சார்."

"சீட்டு வேண்டாம்மா. அந்தத் தோல் கோட்டுக்காரர் நான்தான். சாகல."

அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். யாரோ விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, முகம் சிவந்தது. அவர் முக்காட்டைத் தள்ளி, நெற்றி விளக்கைக் கழற்றிவிட்டு நின்றார். அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கையிலிருந்த சில்லறையை அப்படியே போட்டுவிட்டுக் கூண்டின் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவளை முழுதாக அன்றுதான் பார்க்கிறார். அவர் நினைத்ததைவிடக் குள்ளம். ஒரு காலைச் சற்றே தாங்கித் தாங்கி நடந்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? காலையில அவ்வளவு சொல்றேன், கல்லு மாதிரி கேட்டுக்கிட்டு நின்னீங்களே! உசுரோட இருக்கற மனுஷன் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாரா?"

"சொல்லத்தான் வந்தேன்..."

"எவ்வளவு நாள் மனசைப் போட்டு உறுத்திச்சு தெரியுமா? யார்கிட்டப் போய் விசாரிக்கறது? வீடு எங்க, வாசல் எங்க, எதுவும் தெரியாது. தொப்பியைச் சொல்லியா ஆஸ்பத்திரியில கேக்க முடியும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்படித் தன்னைத் திட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று தோன்றியது. திட்டு நீளமாகவே இருந்தது. கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"

"பேரனுக்குப் பல்லு விழுந்துச்சு."

"அதுக்கா?" என்று சிரித்துவிட்டாள். "முளைச்சுதா?"

"முளைச்சிருக்கும். கேக்கணும்."

கூண்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தாள். அவள் காலுக்கு ஏற்றபடி அவர் மெதுவாக நடந்தார். இத்தனை வருஷமாக அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் மேலே போனதே இல்லையாம். அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். கோபுரத்தையும் குவாரித் தண்ணீரையும் நாற்காலியையும் சொன்னார். "இவ்வளவுதானா?" என்றாள். "இவ்வளவுதான்" என்றார்.

அவளுடைய பஸ் முதலில் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அடுத்த வாரம் வாங்க. ஆனா வரிசையில நின்னு கதை பேசாதீங்க. ஓரமா நில்லுங்க, கூட்டம் குறையட்டும், பேசலாம்."

அப்படியே செய்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீட்டை வாங்கிக்கொண்டு, கூண்டுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஒதுங்கி நிற்பார். கூட்டம் சில வாரம் குறையும். அவள் ஓட்டை வழியாக, "ம், சொல்லுங்க" என்பாள். சில வாரம் குறையவே குறையாது. அப்போது கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனியாக மேலே ஏறிப் போய்விடுவார்.